மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு எந்த உதவியை முதலில் தேடுவது?

"மாதாந்திர உதவித்தொகைக்கு எழுதிப் போடுவதா, நிராமயா காப்பீட்டில் சேர்ப்பதா? இரண்டுக்கும் அலைய என்னால் முடியாது. ஒன்றைச் சொல்லுங்கள்."

போன மாதம் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வரிசையில் நின்று, அன்றைய கூலியையும் இழந்து வீடு திரும்புகிறவரிடம் ‘எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள்’ என்று சொல்வது பதில் ஆகாது. எதற்கு முதலில் போவது, எதைத் தள்ளிப்போட்டால் நட்டமில்லை, எதைத் தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்காது என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

என் அக்கா மகனுக்கு இப்போது 19 வயது. மூளை முடக்குவாதத்தோடு (செரிபிரல் பால்சி) பிறந்தவன். கை கால்கள் அவன் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சு குழறும். ஆனால் செய்தித்தாளை யாராவது விரித்துப் பிடித்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவான். அவனுக்காக அக்காவோடு பதினைந்து ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாக நடந்ததில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வசிக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு திட்டத்தையும் ஐந்து கேள்விகளால் அளந்து பாருங்கள்.

முதலாவது, பணம் எந்த வடிவில் வருகிறது? மாதா மாதம் வங்கிக் கணக்கில் விழுவது ஒன்று. நாம் செலவு செய்துவிட்டு ரசீதைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது வேறு. வரியில் கழிவது இன்னும் வேறு. கையில் ரொக்கம் இல்லாத வீட்டுக்கு, ரசீது கொடுத்து வாங்கும் திட்டம் பாதிப் பயன்தான் தரும்.

இரண்டாவது, சான்றிதழில் எத்தனை சதவீதம் கேட்கிறது?

மூன்றாவது, பயிற்சிக்கு உதவுமா, மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும்தானா? மூளை முடக்குவாதத்தில் பெருஞ்செலவு பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும்தான். ஓர் அமர்வுக்கு 400 ரூபாய், வாரம் மூன்று அமர்வு என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 4,800 ரூபாய் ஆகிறது. அறுவைச் சிகிச்சை எப்போதோ ஒருமுறை வரும். பயிற்சியோ ஆண்டுக்கணக்கில் தொடரும்.

நான்காவது, அலைச்சல் எவ்வளவு? இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு திட்டத்துக்கு ஐந்து முறை போய்வந்தால் ஐந்து நாள் கூலி, ஐந்து முறை ஆட்டோச் செலவு, பிள்ளைக்கு ஐந்து நாள் பயிற்சி இழப்பு.

ஐந்தாவது, தாய் தகப்பன் காலத்துக்குப் பிறகும் அது நிற்குமா?

## எல்லாவற்றுக்கும் முன்னால்: சான்றிதழில் உள்ள அந்த எண்

திட்டங்களை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பம் அதிகம் இழந்தது இங்கேதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அவற்றில் மூளை முடக்குவாதமும் ஒன்று. பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதம் போதும். ஆனால் தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம் வேண்டும். வருமான வரியில் உயர்ந்த கழிவுக்கு 80 சதவீதம் வேண்டும். 40, 75, 80 ஆகிய மூன்று எண்களே ஒரு குடும்பத்தின் வரவைத் தீர்மானிக்கின்றன.

மூளை முடக்குவாதம் பெரும்பாலும் கை கால்களோடு நிற்பதில்லை. பேச்சு, பார்வை, கேட்புத்திறன், அறிவுத்திறன் என்று பலவற்றைத் தொடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருந்தால் சேர்த்துக் கணக்கிட மத்திய அரசின் வழிகாட்டுதலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 90இலிருந்து அதைக் கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும்.

எங்கள் பையனுக்கு முதலில் கிடைத்த சான்றிதழில் கை கால் இயக்கக் குறைபாடு 60 சதவீதம் என்று மட்டும் இருந்தது. பேச்சை யாரும் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியாது. பிற்பாடு மறுமதிப்பீட்டில் பேச்சுக்கு 50 சதவீதம் போட்டார்கள். சூத்திரப்படி 30ஐ 50ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 16.67. அறுபதோடு கூட்டினால் 76.67. 75ஐத் தாண்டியாகிவிட்டது. அவனுடைய பத்தாவது வயதிலிருந்து பதினாலாவது வயது வரை, நாலு ஆண்டுகள், தகுதி இருந்தும் உதவித்தொகை இல்லாமல் போனது. அப்போதைய கணக்கில் மாதம் 1,500 வீதம் 72,000 ரூபாய். விண்ணப்பிக்காத காலத்துக்குப் பாக்கி என்று எதுவும் தருவதில்லை.

ஆகவே மதிப்பீட்டுக்குப் போகும்போதே எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்து எழுதிவிடாமல், பிள்ளைக்கு இருக்கும் எல்லாக் குறைபாடுகளையும் அந்தந்தத் துறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளரின் அறிக்கை, கண், காது பரிசோதனை முடிவுகள், அறிவுத்திறன் மதிப்பீடு ஆகியவை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். முதல் மூன்று அலைச்சல் நாள்களையும் சான்றிதழுக்கே செலவிடுங்கள். மற்ற எல்லாக் கதவுகளும் இதற்குப் பிறகுதான் திறக்கும்.

தற்காலிகச் சான்றிதழ் தந்திருந்தால் அது முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

## மாதாந்திர உதவித்தொகை: இரண்டு துறை, இரண்டு வாசல்

மாதப் பணம் தருவது இரண்டு துறைகள். பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணித் தவறான வாசலில் நிற்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் இதைப் பெறலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 சதவீதமே போதும். குழந்தைகளுக்கும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

வருவாய்த்துறை தருவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 18 வயது நிறைந்தவர்களுக்கானது, ஏழ்மை நிலையும் பார்ப்பார்கள். தாசில்தார் அலுவலகத்தின் வழியாக வருகிறது.

இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பிள்ளை 18க்குக் கீழ் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் வாசல்தான். பெரியவராகி, இயக்கக் குறைபாடு மட்டும் 40க்கும் 75க்கும் இடையில் இருந்தால் இரண்டாவது. ஏற்கெனவே 1,500 வாங்கிக்கொண்டிருக்கும் 75 சதவீதக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் நலத்துறைக்கு மாறுவது பற்றி மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் புதியது கைக்கு வரும் என்று உறுதியாகும் முன் பழையதை விட்டுவிடாதீர்கள்.

முழு நேரமும் ஒருவர் உடனிருந்தே ஆக வேண்டிய நிலை என்றால், உயர் ஆதரவு தேவைப்படுவோர் என்ற பிரிவு இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆவது பிரிவு அதற்கான உரிமையைத் தருகிறது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவரைக் கவனித்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாகத் தரும் ஏற்பாடும் உண்டு. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் தாய்க்கு மாதம் ஆயிரம் என்பது எந்த விதத்திலும் ஈடாகாது. இருந்தாலும் கேட்டுப் பெறுங்கள். அந்த உழைப்பும் உழைப்புதான் என்று அரசின் ஏட்டில் பதிவாகட்டும்.

மறைந்திருக்கும் செலவு இதில் காத்திருப்புதான். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் பட்டியலில் இடம் வரும்வரை மாதங்கள் ஓடும். ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். தவறினால் பணம் நிற்கும். ஆனால் எந்த ரசீதும் கேட்காமல், எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காமல் வரும் பணம் இது ஒன்றுதான். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

## நிராமயாவா, முதலமைச்சர் காப்பீடா

இந்தக் கேள்வியே பெரும்பாலும் தவறாகக் கேட்கப்படுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. ஒன்று மருத்துவமனைக்கு உள்ளே வேலை செய்யும், மற்றது வெளியே.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள மருத்துவமனையில் நாம் பணம் கட்டத் தேவையில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாக நடக்க முடியாதவர்களுக்கு, இடுப்பு மூட்டு மெல்ல விலகுவது அடிக்கடி நேரும். இறுகிய தசைநாரைத் தளர்த்தும் அறுவையும் தேவைப்படலாம். அந்த நாள் வரும்போது இந்த அட்டைதான் துணை. ஆனால் வாரந்தோறும் போகும் பிசியோதெரபிக்கு இது உதவாது.

நிராமயா, தேசிய அறக்கட்டளை நடத்தும் திட்டம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்த அறக்கட்டளை ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. பிறவியிலேயே இருந்த நோய் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் கிடையாது. சேர்க்கைக் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. புதுப்பிக்க முறையே 50, 250. வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, தொடர் பயிற்சி, மருத்துவமனைக்குப் போய்வரும் போக்குவரத்து என்று நம் அன்றாடச் செலவைத் தொடும் காப்பீடு இது. இந்தக் கட்டணத்துக்கு இப்படி ஒன்றைத் தனியார் காப்பீட்டில் நான் பார்த்ததில்லை.

இதன் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் என்பது மொத்த வரம்பு. உள்ளே ஒவ்வொரு வகைச் செலவுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கிறது. பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்டது அந்த லட்சத்தில் சிறு பகுதிதான். மாதம் 4,800 ரூபாய் பயிற்சிக்குச் செலவழிப்பவருக்கு ஆண்டு முழுவதற்கும் இது போதாது. அடுத்து, முதலில் நாம் செலவழித்துவிட்டுத்தான் திரும்பப் பெற முடியும். மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, அமர்வுத் தேதிகளோடு பயிற்சியாளரின் கையெழுத்திட்ட ரசீது எல்லாம் மூலப்படியாக வேண்டும். அக்காவின் கோரிக்கை ஒருமுறை திரும்பி வந்தது, ரசீதில் தேதி விட்டுப்போனதற்காக. மூன்றாவது, காப்பீட்டு ஆண்டு மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது. பிப்ரவரியில் சேர்ந்தால் இரண்டு மாதம்கூட முழுதாக வராது. ஏப்ரல் தொடக்கத்தில் சேருங்கள்.

சேர்க்கை பதிவுபெற்ற நிறுவனத்தின் வழியாக நடக்கும். பிள்ளை போகும் பயிற்சி மையமோ சிறப்புப் பள்ளியோ தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்றிருந்தால் அங்கேயே முடித்துவிடலாம். அலைச்சல் என்ற அளவில் பார்த்தால் இந்தத் திட்டங்களிலேயே இதுதான் மிகக் குறைவு.

ஆக, வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பம் இரண்டையும் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு நிராமயா எப்படியும் வேண்டும். மருத்துவமனைச் செலவுக்கு அலுவலகக் குழுக் காப்பீட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிச் செலவை அடியோடு குறைக்க வழி தேடுபவர்கள், காப்பீட்டைவிட இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பயிற்சி தரும் இடங்களை முதலில் தேடுவது நல்லது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கின்றன. உரிமைகள் திட்டத்தின் கீழ் அரசு தொடங்கிய ‘விழுதுகள்’ மையங்களும் வந்திருக்கின்றன. 4,800 ரூபாய்ச் செலவைத் திரும்பப் பெறுவதைவிட, அந்தச் செலவே வராமல் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

## வருமான வரிக் கழிவு: முன்புபோல் இல்லை

சம்பளக்காரப் பெற்றோர்கள் முதலில் கேட்பது 80 டிடி பிரிவைத்தான். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, சார்ந்து வாழும் பிள்ளைக்கு 40 சதவீதக் குறைபாடு இருந்தால் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழியும். உண்மையில் எவ்வளவு செலவானது என்று பார்ப்பதில்லை, முழுத் தொகையும் கழியும். 30 சதவீத வரி அடுக்கில் உள்ளவருக்கு 1,25,000 கழிந்தால் மிச்சமாவது 39,000 ரூபாய். மாதக் கணக்கில் 3,250, அதாவது அரசின் உதவித்தொகையைவிட அதிகம். அதனால்தான் இதை இத்தனை காலம் பெரிய உதவியாக எண்ணி வந்தோம்.

ஆனால் இந்தக் கழிவு பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் கிடையாது.

2025-26 நிதியாண்டுக் கணக்கில் ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 போக வரி 97,500 ரூபாய். பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, சேமிப்புக்கு 1,50,000, பிள்ளைக்காக 1,25,000 கழித்தால் வரி 1,71,600. வீட்டுக் கடன் வட்டி 2 லட்சத்தையும் கழித்துப் பார்த்தாலும் 1,11,800. அப்போதும் புதிய முறையே குறைவு. வீட்டு வாடகைப்படியும் சேர்ந்து பெரிய கழிவுகள் உள்ள சிலருக்குத்தான் இப்போது 80 டிடி பயன் தரும். சம்பளம் 12,75,000க்குள் என்றால் புதிய முறையில் வரியே இல்லை, இந்தப் பேச்சும் தேவையில்லை.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒரே வரி என்று ஆகிவிட்டது. செலவோ ஒன்றல்ல. புதிய முறையிலும் இந்த ஒரு கழிவையாவது அனுமதிக்க வேண்டும்.

பழைய முறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மூளை முடக்குவாதத்துக்குச் சாதாரணச் சான்றிதழ் போதாது, 10-ஐஏ என்ற தனிப் படிவத்தில் நரம்பியல் மருத்துவரோ அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலரோ எழுதித் தர வேண்டும். 80 டிடிபி என்ற இன்னொரு பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் நோய்ப் பட்டியலில் மூளை முடக்குவாதம் இல்லை. பிள்ளை வளர்ந்து தானே 80 யு பிரிவில் கழிவு கோரினால் பெற்றோர் 80 டிடி கோர முடியாது. இந்தப் பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொன்னவை; 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு.

## கருவிகளும் பயணச் சலுகையும்

சிறு தொகைகள்தாம், ஆனால் கைவிட வேண்டாம். மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்குக் கருவி இலவசம், 30,000 வரை பாதி விலை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென்றே தலை, முதுகு, கால் தாங்கிகளோடு செய்த சிறப்பு நாற்காலி உண்டு. பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் 12 வயதுக்குக் கீழ் ஓராண்டு கழிந்ததும் மறுபடி கேட்கலாம், பெரியவர்களுக்கு மூன்றாண்டு. முகாமில் அளவு எடுக்காமல் கொடுக்கும் நாற்காலியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். பொருந்தாத நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வளையும்.

நகரப் பேருந்தில் உடன் வருபவரோடு இலவசப் பயணம். ரயிலில் துணை இல்லாமல் பயணிக்க முடியாதவர்களுக்குத் தூங்கும் வசதி வகுப்பில் 75 சதவீதச் சலுகை, துணைக்கு வருபவருக்கும் அதே சலுகை.

## பொதுமக்களிடம் நிதி திரட்டுவது

அவசர அறுவைக்கோ, விலை உயர்ந்த கருவிக்கோ திரட்டுவதில் தவறில்லை. ஆனால் நான் பார்த்த வேண்டுகோள்களில் பல ஸ்டெம்செல் சிகிச்சைக்காக இருந்தன. இதைத் தெளிவாகச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மூளை முடக்குவாதத்துக்கான ஸ்டெம்செல் சிகிச்சையை ஏற்கப்பட்ட சிகிச்சையாகக் கருதவில்லை. ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் செய்யக் கூடாது, அதற்கு நோயாளியிடம் பணமும் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்திருக்கலாம். பிள்ளை எழுந்து நடந்துவிடாதா என்ற ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை; அக்காவுக்கும் இருந்தது. அந்த ஏக்கத்தை விலைபேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

## நமக்குப் பிறகு

பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. பணம் எவ்வளவு என்பதைவிட, எந்த ஏட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறது என்பதே இங்கே முக்கியம்.

குடும்ப ஓய்வூதியம். மத்திய அரசு ஊழியரின் பிள்ளை, தானே சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடு உள்ளவர் என்றால், 25 வயதோடு நிற்காமல் ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2021இல் இதன் வருமான வரம்பையும் தளர்த்தினார்கள். மாநில அரசின் பழைய ஓய்வூதிய விதிகளிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்கள் தங்களுக்கான விதியைத் தனியே கேட்டறிய வேண்டும். தனியார் ஊழியர்களின் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்திலும் நிரந்தரமாக, முழுமையாக இயலாத பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் ஓய்வூதியம் உண்டு. தொகை சிறியதுதான். இவை எல்லாவற்றிலும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். இறந்த பிறகு நிரூபிக்க ஓடும் சகோதர சகோதரிகளின் பாடு சொல்லி மாளாது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இந்த வேலையை இந்த வாரமே செய்யுங்கள்.

பிள்ளை பெயரில் வைப்புத்தொகை. சாதாரணமாக 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் வட்டி வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேரும். 80 யு பிரிவில் சொல்லும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அப்படிச் சேராது. அது பிள்ளையின் சொந்த வருமானமாகவே கணக்கிடப்படும். சிறுகச் சிறுகச் சேமிக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு இதுதான் எளிய வழி.

தனி அறக்கட்டளை. பிள்ளைக்காகச் சொத்தை அறங்காவலர் பொறுப்பில் விட்டுவைக்கும் ஏற்பாடு இது. வீடு, நிலம், பெருந்தொகை இருந்து, பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பத்திரம் எழுதும் செலவு, ஆண்டுதோறும் கணக்கு, வரித் தாக்கல், நம்பிக்கையான அறங்காவலர் என்று சுமை தொடரும். சில லட்சங்களுக்காக இதைத் தொடங்கினால் நிர்வாகச் செலவே அதைத் தின்றுவிடும்.

சட்டப்பூர்வக் காப்பாளர். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. ஆனால் காப்பாளருக்குக் கடமையும் உண்டு: ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கு. இதைச் சொல்லாமல் தம்பியையோ தங்கையையோ காப்பாளராகப் போட்டுவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | பராமரிப்பு உதவித்தொகை | நிராமயா | முதலமைச்சர் காப்பீடு | வரிக் கழிவு | குடும்ப ஓய்வூதியம் |
|---|---|---|---|---|---|
| எவ்வளவு | மாதம் 2,000 | ஆண்டுக்கு 1 லட்சம் வரை | குடும்பத்துக்கு 5 லட்சம் வரை | 75,000 அல்லது 1,25,000 கழிவு | ஊழியரின் சம்பளத்தைப் பொறுத்தது |
| எப்படி வரும் | வங்கிக் கணக்கில் | ரசீது கொடுத்த பிறகு | மருத்துவமனைக்கு நேராக | வரி குறையும் | வங்கிக் கணக்கில் |
| தகுதி | 75%. அறிவுசார் குறைபாடு 40% | நான்கு வகைக் குறைபாடுகள் | ஆண்டு வருமானம் 1,20,000க்குள் | 40% / 80%, பழைய வரி முறை | சம்பாதிக்க இயலாமை |
| பயிற்சிக்கு | நம் விருப்பம் | உண்டு, வரம்புக்குள் | இல்லை | இல்லை | நம் விருப்பம் |
| அலைச்சல் | அதிகம் | குறைவு | ஒருமுறை | கணக்காளரோடு முடியும் | முன்பே பதிந்தால் குறைவு |
| பெற்றோருக்குப் பின் | தொடரும் | புதுப்பித்தால் தொடரும் | தகுதி இருந்தால் | இல்லை | ஆயுள் முழுவதும் |

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இது. பிள்ளைக்கு மூன்று வயது, சான்றிதழ் இன்னும் இல்லை. முதலில் முழு மதிப்பீட்டோடு சான்றிதழ். அது வந்ததும், பிள்ளை பயிற்சிக்குப் போகும் இடத்திலேயே நிராமயா. அதற்குத் தனியாக ஒரு நாள் செலவழிக்க வேண்டியதில்லை. உதவித்தொகைக்கு ஒரு முழு நாள் ஒதுக்கிப் போய்வரட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஏற்கெனவே இருக்கிறது. இதே கேள்வியை 15 லட்சம் சம்பளம் வாங்கும் தகப்பன் கேட்டிருந்தால், நிராமயாவுக்கு அடுத்ததாகப் பதிவேட்டில் பெயர் சேர்க்கும் வேலையைச் சொல்லியிருப்பேன், வரிக் கழிவைக் கடைசியில் வைத்திருப்பேன்.

## 18 வயதானதும் வங்கியில்

எங்கள் பையனுக்கு 18 நிறைந்ததும், உதவித்தொகை வரும் கணக்கை அவன் பெயருக்கு மாற்றப் போனோம். கையெழுத்துப் போட முடியாதவருக்குக் கணக்கு கிடையாது, சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். காப்பாளர் என்பது தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க இயலாதவருக்கானது. அவனுக்கு எல்லாம் புரிகிறது; விரல்கள்தாம் ஒத்துழைக்கவில்லை. அவன் முன்னாலேயே அவனைப் பற்றி அப்படிப் பேசியதை அக்காவால் தாங்க முடியவில்லை.

ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை அறிவுறுத்தலில் இதற்கு வழி இருக்கிறது. கையெழுத்திட இயலாதவரின் கைவிரல் ரேகையையோ, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகையையோ ஏற்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அந்த அறிவுறுத்தலை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனோம். மேலாளர் படித்துப் பார்த்தார். அவன் இடது கால் பெருவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தான். பக்கத்திலிருந்த நான் ஒரு சாட்சி, மேலாளர் இன்னொரு சாட்சி. மாதம் 2,000 ரூபாய் இப்போது அவன் பெயரிலுள்ள கணக்கில் வருகிறது. போன மாதப் பணத்தில் என்ன வாங்குவது என்று அவனே அக்காவிடம் சொன்னான்.